செப்டம்பரில் தோற்றவன் செத்தவன் இல்லை

மு.கு: தலைப்பைப் பார்த்து அரசியல் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது ஃபுட்பால் பற்றியது. அதுவும் இங்கே கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று அடித்துக்கொள்வார்களே, அந்தக் காலால் உதைக்கிற ஃபுட்பால் அல்ல. அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. அதிலும் கல்லூரிகள் ஆடுவது. இதெல்லாம் நமக்கெதற்கு என்பவர்களுக்குக் கடைசியில் ஒரு வீட்டுக் கதை இருக்கிறது. நேராக அங்கே போய்விடலாம்.

*

என் தங்கை மகன் ஒஹையோவுக்கு எம்.எஸ். படிக்கப் போனதிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் கோலம், குட்மார்னிங், மூட்டுவலிக்கு முடக்கத்தான் இவற்றோடு நாலாவதாக இந்த ஃபுட்பாலும் சேர்ந்துகொண்டது. அங்கே சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு ஆட்டம் என்றால் செப்டம்பரில் நமக்கு ராத்திரி 9.30. மறுநாள் ஞாயிறு. "மாமா, சும்மா பாருங்க, புரியலேன்னா நான் சொல்றேன்" என்று ஆரம்பித்து வைத்தான். முதல் மாசம் ஒன்றும் புரியவில்லை. மூணாவது மாசத்தில் நான் அவனோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டேன். அந்தச் சண்டைதான் இது.

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஒரு பெரிய அணி எங்கேயாவது சறுக்கி விழும். உடனே உலகம் இரண்டு கட்சியாகப் பிரியும். ஒரு கட்சி, "அவ்வளவுதான், இந்த வருஷம் கதை முடிஞ்சுது" என்று சங்கு ஊதும். இன்னொரு கட்சி, "பெரிய டீம்டா அது. ஒரு தோல்வி என்ன பண்ணும்? இப்பவும் அவங்கதான் ஃபேவரைட்" என்று மீசையை முறுக்கும். மருமான் இரண்டாவது கட்சி.

நான் சொல்வது இதுதான். முதல் கட்சி சொல்வது தப்பு. இரண்டாவது கட்சி சொல்வது சரி, ஆனால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு அவர்கள் போய்ச்சேருகிற இடம் அநியாயம். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

*

முதலில் ஒரு சின்ன விளக்கம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

உச்சப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள். ஒவ்வொன்றும் சீசனில் ஆடுவது 12 ஆட்டம், சிலதுக்கு ஒன்று கூட. 12 ஆட்டத்தில் 130 பேரும் ஒருவரோடு ஒருவர் மோத முடியுமா? முடியாது. அப்புறம் யார் சாம்பியன் என்று எப்படித் தெரியும்? ஓட்டுப் போட்டுத்தான்! 1936லிருந்து அசோசியேட்டட் பிரஸ் நிருபர்களின் ஓட்டை வாங்கி வாராவாரம் தரவரிசை போட்டுக்கொண்டிருக்கிறது. 1998 சீசனிலிருந்து 2013 வரை ஓட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கணக்குப் போட்டு முதல் இரண்டு அணிகளை மட்டும் இறுதி ஆட்டத்துக்கு அனுப்பின. 2014 சீசனிலிருந்து 13 பேர் கொண்ட கமிட்டி ஒரு ரூமில் உட்கார்ந்து நாலு அணிகளைத் தேர்ந்தெடுத்தது. 2024 சீசனிலிருந்து அது 12 அணி.

ஆக, இங்கிலீஷ் லீக் மாதிரி 38 ஆட்டம் ஆடி, புள்ளிக் கணக்கைக் கூட்டி, மேலே இருப்பவன் சாம்பியன் என்கிற சமாசாரம் இதில் கிடையாது. யாரோ நாலு பேர் மனசில் நீ என்னவாக இருக்கிறாய் என்பதுதான் கணக்கு. அதனால்தான் ஒரே ஒரு தோல்விக்கு அங்கே அத்தனை கலவரம்.

*

சரி, முதல் கட்சிக்கு வருவோம். "ஆரம்பத்திலேயே தோத்தா அவ்வளவுதான்."

அப்படியா? பாருங்கள்.

2008, செப்டம்பர் 27. ஃப்ளோரிடா, நாலாம் இடத்தில் இருக்கிற அணி, சொந்த மைதானத்தில் மிஸ்ஸிஸிப்பியிடம் 31-30 என்று தோற்றது. ஒரே ஒரு புள்ளி! அன்று அவர்களது குவார்ட்டர்பேக் டிம் டீபோ பத்திரிகைக்காரர்கள் முன்னால் வந்து, இனி இந்த சீசன் முழுக்க என்னைவிடக் கடுமையாக உழைப்பவனைப் பார்க்க மாட்டீர்கள் என்கிற ரீதியில் கண்கலங்கப் பேசினார். அதற்கப்புறம் அவர்கள் ஒரு ஆட்டம் கூடத் தோற்கவில்லை. 2009 ஜனவரியில் ஓக்லஹோமாவை 24-14 என்று ஜெயித்து சாம்பியன். அந்தப் பேச்சை இப்போது பலகையில் பொறித்து ஸ்டேடியத்திலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள்.

2014, செப்டம்பர் 6. ஒஹையோ ஸ்டேட் சொந்த ஊரில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 தோல்வி. முதல் குவார்ட்டர்பேக் சீசன் தொடங்கும் முன்பே காயம், ஆடியது இரண்டாமவர். நவம்பர் கடைசியில் அவருக்கும் கணுக்கால் எலும்பு முறிந்தது. மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸை வைத்துக்கொண்டு விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஆரிகானை 42-20. சாம்பியன்.

2015, செப்டம்பர் 19. அலபாமா சொந்த மைதானத்தில் மறுபடி அதே மிஸ்ஸிஸிப்பியிடம் 43-37 தோல்வி. அலபாமாவின் காலம் முடிந்துவிட்டது என்று இரங்கல் கட்டுரைகள் எல்லாம் வந்தன. ஜனவரியில் க்ளெம்சனை 45-40 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது யார்? அதே அலபாமா.

2024 இன்னும் விசேஷம். ஐந்தாம் இடத்தில் இருந்த நோட்ர டேம், நார்தர்ன் இல்லினாய் என்கிற சின்ன அணியிடம் சொந்த மைதானத்தில் 16-14 தோற்றது. இது எப்படிப்பட்ட ஆட்டம் தெரியுமா? பெரிய அணி சின்ன அணிக்குக் காசு கொடுத்து, "எங்க ஊருக்கு வா, தோத்துட்டுப் போ" என்று கூப்பிடுகிற ஆட்டம். சின்ன அணிக்கு அந்தப் பணத்தில்தான் விளையாட்டுத் துறையே ஓடும். நார்தர்ன் இல்லினாய்க்குக் கிடைத்தது 14 லட்சம் டாலர். பணத்தையும் வாங்கிக்கொண்டு ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டுப் போனார்கள் :-) அப்புறம் என்ன நடந்தது? நார்தர்ன் இல்லினாய் அடுத்த ஆட்டத்திலேயே பஃபலோவிடம் தோற்றது. நோட்ர டேம் தேசிய இறுதி ஆட்டம் வரைக்கும் போனது!

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பெரிய அணி ஏன் பெரிய அணி? நாலைந்து வருஷமாக நாட்டிலேயே நல்ல பையன்களைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறது. ஒருவன் விழுந்தால் பின்னால் இன்னொருவன், அவன் பின்னால் மூன்றாமவன். ஒரு சனிக்கிழமை மூன்று மணி நேரத்தில் பந்து நாலு தடவை கை நழுவியதால் அந்தச் சொத்து எல்லாம் கரைந்துவிடாது. பத்து வருஷம் ஒழுங்காக ஓடின கரண்ட் அக்கவுண்டில் ஒரு செக் ரிட்டர்ன் ஆனால் எந்த மேனேஜரும் கடையை இழுத்து மூடச் சொல்ல மாட்டான். என்ன ஆச்சு என்று போன் பண்ணிக் கேட்பான், அவ்வளவுதான்.

அதற்காக எல்லாத் தோல்வியும் ஒன்றில்லை. 2007 செப்டம்பர் 1ஆம் தேதி மிச்சிகன், ஐந்தாம் இடத்து அணி, ஒரு படி கீழ்ப் பிரிவில் ஆடுகிற அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34-32 தோற்றது. இதுவும் காசு கொடுத்துக் கூப்பிட்ட ஆட்டம்தான், 4 லட்சம் டாலர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொந்த ஜனங்கள் வாயடைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தற்செயல் என்று சொன்னவர்களும் உண்டு. அடுத்த வாரமே ஆரிகானிடம் 39-7. அப்போது தெரிந்தது அது சளி இல்லை, நிமோனியா என்று. முதல் செக் திரும்பினால் போன் பண்ணு, இரண்டாவதும் திரும்பினால் நேரில் போய்ப் பார். இதுதான் என் கணக்கு.

மொத்தத்தில் முதல் கட்சிக்குச் சொல்வது: ஒரே ஒரு ஆரம்பத் தோல்வியை வைத்துப் பெரிய அணிக்குப் பால் ஊற்றாதீர்கள். ஃபேவரைட் ஃபேவரைட்தான்.

மருமான் கைதட்டியிருப்பான். இரு கண்ணா, இனிமேல்தான் இருக்கிறது.

*

அதே 2008. ஃப்ளோரிடா தோற்பதற்கு இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 25 வியாழக்கிழமை, முதலிடத்தில் இருந்த யு.எஸ்.சி. அணி ஆரிகான் ஸ்டேட்டிடம் 27-21 தோற்றது. அதற்கப்புறம் யு.எஸ்.சி.யும் ஒரு ஆட்டம் கூடத் தோற்கவில்லை. ரோஸ் பவுலில் பென் ஸ்டேட்டை 38-24 என்று புரட்டியது. ஃப்ளோரிடாவுக்கும் ஒரு தோல்வி, யு.எஸ்.சி.க்கும் ஒரு தோல்வி, இரண்டும் ஒரே வாரத்தில். ஒன்றுக்கு இறுதி ஆட்டம், இன்னொன்றுக்கு "அடுத்த வருஷம் பார்க்கலாம்". காரணம் கேட்டால் யு.எஸ்.சி. ஆடுகிற கான்ஃபரன்ஸ் சொத்தையாம், ஃப்ளோரிடா ஆடுகிற எஸ்.இ.சி. பலமானதாம்.

சரி, அதையாவது ஒப்புக்கொள்ளலாம். எதிராளியின் பலம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதே வருஷம் யூட்டா என்று ஒரு அணி. ஆடியது 13, ஜெயித்தது 13. தோல்வி பூஜ்யம். அவர்களுக்கு இறுதி ஆட்டத்தில் இடம் இல்லை! கடைசியில் ஷுகர் பவுலில் அலபாமாவோடு ஆட விட்டார்கள், 31-17 என்று ஜெயித்துக் காட்டினார்கள். பரிசு? நிருபர்கள் ஓட்டில் இரண்டாம் இடம். அந்த சீசனில் ஒரு தடவை கூடத் தோற்காத அணி, சாம்பியன் பட்டத்துக்கு ஒரு தடவை கூட ஆட விடப்படவில்லை.

"அது அந்தக் காலம் மாமா, இப்ப கமிட்டி இருக்கு" என்றான் மருமான். அவன் வாயிலேயே வந்ததால் கமிட்டிக் கதைக்கே போனேன்.

2023. அலபாமா செப்டம்பர் 9ஆம் தேதி சொந்த ஊரில் டெக்ஸாஸிடம் 34-24 தோற்றது. நான் மேலே சொன்ன அதே கணக்குப்படி அலபாமாவுக்குப் பால் ஊற்ற வேண்டியதில்லை, ஊற்றவும் இல்லை. அவர்கள் தேறி வந்து டிசம்பர் 2ஆம் தேதி, தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்திருந்த ஜார்ஜியாவை 27-24 என்று சாய்த்தார்கள். பெரிய சாதனை, மறுக்கவில்லை.

இன்னொரு பக்கம் ஃப்ளோரிடா ஸ்டேட். முதல் ஆட்டத்திலேயே எல்.எஸ்.யு.வை 45-24. அப்படியே ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். நவம்பர் 18ஆம் தேதி அவர்களது குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்தது. இரண்டாமவரை வைத்து ஃப்ளோரிடாவை 24-15. அவரும் அடிபட, மூன்றாமவரான ஒரு முதலாண்டுப் பையனை வைத்து லூயிவில்லை 16-6. ஆடியது 13, ஜெயித்தது 13. பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றின் சாம்பியன்.

டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. கமிட்டி நாலு பேரை அறிவித்தது. மிச்சிகன், வாஷிங்டன், டெக்ஸாஸ், அலபாமா. ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாம் இடம். அதாவது வெளியே போ. நாலு அணி முறை வந்ததிலிருந்து, தோற்காத ஒரு பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியனை வெளியே தள்ளியது அதுவே முதல் தடவை.

காரணம்? குவார்ட்டர்பேக் இல்லாமல் இது பழைய அணி இல்லையாம்.

இப்போது 2014ஐ மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒஹையோ ஸ்டேட்டுக்கும் மூன்றாவது குவார்ட்டர்பேக்தான். கூடவே செப்டம்பரில் சொந்த ஊரில் 14 புள்ளி வித்தியாசத்தில் ஒரு தோல்வி வேறு. அவர்களை அதே கமிட்டி முறை நாலாவது ஆளாக உள்ளே எடுத்தது. அதற்கு முந்தின வாரம் மூன்றாம் இடத்தில் இருந்த டி.சி.யு., 55-3 என்று ஜெயித்துவிட்டு வந்தும், ஆறாம் இடத்துக்குப் போனது! மூன்றாமவன் ஒரு ஆட்டத்தில் 59-0 காட்டினான், இவன் 16-6தான் காட்டினான் என்பீர்கள். ஜெயித்தானா இல்லையா என்பதுதானே ஆட்டம்? அழகாக ஜெயித்தானா என்று பார்க்க இது என்ன பரதநாட்டிய அரங்கேற்றமா?

*

இங்கேதான் குழப்பம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதைப் புரியவைத்தது என் வேலை.

பேங்கில் ஒரு கடனுக்கு இரண்டு கட்டம். முதல் கட்டம், கொடுப்பதற்கு முன்னால். அப்போது நாங்கள் ஜோசியம் பார்க்கிறோம். ஆள் யார், அப்பா யார், பழைய பேலன்ஸ் ஷீட் என்ன சொல்கிறது, சிபில் ஸ்கோர் என்ன, இந்தத் தொழில் அஞ்சு வருஷம் நிற்குமா. எல்லாமே ஊகம். அதில் பெயருக்கு மதிப்பு உண்டு. இருக்கவும் வேண்டும், பெயர் என்பது பழைய நடத்தையின் சுருக்கம்தானே.

இரண்டாவது கட்டம், கொடுத்த பிறகு. தவணை வந்ததா, வரவில்லையா. 2004 மார்ச்சிலிருந்து விதி இதுதான்: 90 நாளைத் தாண்டி பாக்கி நின்றால் அது வாராக் கடன். அங்கே "பெரிய பார்ட்டி சார், கொடுத்துடுவாங்க" என்பதற்கு இடமே கிடையாது. இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. பெட்டிக்கடைக்காரர் மூணு தவணை விட்டால் அக்கவுண்ட் சிவப்பு, பெரிய கம்பெனி விட்டால் "தற்காலிக நெருக்கடி". அதை மறுசீரமைப்பு என்று பெயர் சூட்டி நல்ல கடனாகவே காட்டிக்கொண்டிருந்தோம். 2015ல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு என்று ஒன்றை நடத்தி புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அந்த 'நல்ல' கடன்களில் எத்தனை அழுகல் என்று நாட்டுக்கே தெரிந்தது. என் தொழிலே இந்தத் தப்பைப் பண்ணி அடிபட்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

இரண்டு கேள்விகள், ஐயா. "இவன் ஜெயிப்பானா?" என்பது ஒரு கேள்வி. "இவன் ஜெயித்தானா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பெயரைப் பார், பழைய கணக்கைப் பார், ஆரம்பத் தோல்வியை மறந்துவிடு, தப்பில்லை. பந்தயம் கட்டுகிறவன் அப்படித்தான் பார்க்கிறான், அவன் காசு, அவன் பாடு. இரண்டாவது கேள்விக்கு ஸ்கோர்போர்டைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. கமிட்டி என்ன பண்ணியது? இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய பேப்பரில் முதல் கேள்வியின் பதிலை எழுதி வைத்தது. ஃபேவரைட் யார் என்று கேட்டால் நானும் அன்று அலபாமா என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இடத்துக்கு உரியவன் யார் என்று கேட்டால் ஃப்ளோரிடா ஸ்டேட்.

கமிட்டியின் விதியிலேயே முக்கிய ஆட்டக்காரர்கள் இல்லாததையும் கணக்கில் எடுக்கலாம் என்று இருக்கிறது, அவர்கள் விதியை மீறவில்லை என்பார்கள். தெரியும். அந்த விதியைத்தான் தப்பு என்கிறேன்.

*

இனி மருமான் எடுத்து வீசிய பிரம்மாஸ்திரம். "மாமா, அப்புறம் ஆரஞ்சு பவுல்ல என்ன ஆச்சு? ஜார்ஜியா 63, ஃப்ளோரிடா ஸ்டேட் 3. கமிட்டி சொன்னது சரிதானே?"

63-3 என்பது கேட்கவே கூசுகிற ஸ்கோர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று மைதானத்தில் இறங்கியது எது? கதவைச் சாத்திய பிறகு மனசு விட்டுப்போன அணி. காயம், வேறு கல்லூரிக்கு மாற்றல், அடுத்து தொழில்முறை ஆட்டத்துக்குத் தயாராகணும் என்று இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஆட்டத்துக்கு வரவே இல்லை. ஒருத்தனுக்கு வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் அவன் ஷேவ் பண்ணாமல் இருந்ததைக் காட்டி "பாத்தீங்களா, இவனுக்கா வேலை கொடுக்கச் சொன்னீங்க?" என்பது போலிருக்கிறது. அப்படிப் பார்த்தால் அலபாமாவும்தான் ரோஸ் பவுலில் மிச்சிகனிடம் 27-20 என்று தோற்றது. அதை வைத்து "அப்பவே சொன்னேன்" என்று நான் சொல்லவில்லையே. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் கொடுத்த தீர்ப்பை நியாயப்படுத்துவது ஜோசியக்காரன் வேலை.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. "எல்லா 13-0வும் ஒன்றா? சொத்தை அணிகளோடு ஆடி 13 ஜெயித்தவனும் பலசாலிகளோடு ஆடி 12 ஜெயித்தவனும் சமமா?" இல்லை, சமமில்லை. யாரோடு ஆடினான் என்பது நடந்த கதை, அதைப் பார்க்கலாம், பார்க்க வேண்டும். கடைக்காரரின் வரவு செலவில் யாரிடமிருந்து வரவு என்று நாங்களும்தான் பார்க்கிறோம். ஆனால் எல்.எஸ்.யு.வும் ஃப்ளோரிடாவும் லூயிவில்லும் சொத்தைகளா? கமிட்டி சொன்ன முக்கியக் காரணமும் அதுவாக இல்லை. காலொடிந்த பையன்தான் காரணம்.

கோபத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட் அந்த டிசம்பர் மாசமே தன் சொந்தக் கான்ஃபரன்ஸ் மேல் கேஸ் போட்டது. இந்தக் கூட்டத்தில் இருந்தால் ஜெயித்தாலும் மதிப்பில்லை என்று தோன்றிவிட்டது. 2025 மார்ச்சில்தான் சமரசம் ஆனது. "யார் ஃபேவரைட்" என்ற விளையாட்டுக் கேள்வி கோர்ட் வரைக்கும் போகிறதென்றால் அதில் எவ்வளவு காசு புரள்கிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

*

2024லிருந்து 12 அணி என்று ஆக்கிவிட்டார்களே, பிரச்சினை தீர்ந்ததா? பாதி தீர்ந்தது. நோட்ர டேம் அந்த நார்தர்ன் இல்லினாய் அவமானத்துக்குப் பிறகும் இறுதி வரை வந்ததும், அக்டோபரில் ஒன்று, நவம்பரில் சொந்த ஊரில் மிச்சிகனிடம் ஒன்று என்று இரண்டு தோல்வி வாங்கிய ஒஹையோ ஸ்டேட் அவர்களை 34-23 என்று ஜெயித்து சாம்பியன் ஆனதும் கதவு அகலமானதால்தான். மருமான் அன்று ராத்திரி தூங்கவே இல்லை.

ஆனால் நாலாவது இடத்துக்கு நடந்த சண்டை இப்போது கடைசி இடத்துக்கு நடக்கிறது. 2024ல் 11-2 என்று வந்த எஸ்.எம்.யு.வா, 9-3 என்று வந்த அலபாமாவா என்று கேள்வி. கமிட்டி எஸ்.எம்.யு.வை எடுத்தது. சபாஷ்! முதல் ஆட்டத்திலேயே அவர்கள் பென் ஸ்டேட்டிடம் 38-10 தோற்றார்கள். உடனே அதே பழைய பல்லவி, "அலபாமாவை எடுத்திருக்கணும்."

2025ல் என் கொள்கைக்கே பரீட்சை வந்தது. நோட்ர டேம் முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்றது. மயாமியிடம் 27-24, டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்மிடம் 41-40. இரண்டும் சேர்த்து நாலே புள்ளி. அப்புறம் வரிசையாகப் பத்து வெற்றி. 10-2. மயாமியும் 10-2. டிசம்பரில் யார் பலசாலி என்று கேட்டால் பல பேர் நோட்ர டேம் என்றுதான் சொன்னார்கள். கமிட்டி மயாமியை உள்ளே எடுத்து நோட்ர டேமை வெளியே விட்டது.

சரியா தப்பா? என் கணக்கில் சரி. இருவருக்கும் அதே 10-2, நேருக்கு நேர் மோதியதில் ஜெயித்தது மயாமி. அது ஆகஸ்ட் கடைசியில் நடந்தாலென்ன, நவம்பரில் நடந்தாலென்ன, நடந்தது நடந்ததுதான். ஊகத்துக்கு ஆரம்பத் தோல்வி பழசாகிப் போகலாம். கணக்குப் புத்தகத்தில் ஏப்ரல் மாச வரவுக்கும் மார்ச் மாச வரவுக்கும் ஒரே மதிப்புதான். அந்த மயாமி இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே அவர்களை ஜெயித்து, 16க்கு 16 என்று முடித்து, முதல் தடவையாகக் கோப்பை வாங்கியது யார் தெரியுமா? இந்தியானா. பல பத்தாண்டுகளாகத் தோல்விக்கே பேர்போன அணி. பெயரை மட்டும் பார்த்து இடம் கொடுப்பதென்றால் அவர்கள் வாசலிலேயே நின்றிருப்பார்கள்.

*

வீட்டுக் கதை சொல்கிறேன் என்றேனே.

எனக்கு மாற்றல் வந்து திருச்சியிலிருந்து இங்கே வந்தபோது பெண் ஆறாம் வகுப்பு. முதல் பரீட்சையில் இந்தியில் நூற்றுக்குப் பதினெட்டு. எழுத்தே கூட்டத் தெரியாத குழந்தை, பதினெட்டு வாங்கியதே எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. பள்ளியில் கூப்பிட்டு, "வீக் ஸ்டூடண்ட், கடைசி செக்‌ஷனுக்கு மாத்தறோம்" என்றார்கள். அதே பரீட்சையில் அதே வகுப்பில் இன்னொரு பெண்ணும் ஃபெயில். அந்தப் பெண்ணின் அக்கா அந்தப் பள்ளியின் பழைய முதல் மாணவி. அவளுக்கு என்ன சொன்னார்கள் என்று அவள் அம்மாவே என் மனைவியிடம் சொன்னார். "பாவம், அன்னிக்கு உடம்பு சரியில்லை போல."

இரண்டு பேருக்கும் அதே ஃபெயில். ஒருத்திக்கு அது அடையாளம், இன்னொருத்திக்கு அது விபத்து. அந்தப் பெண்ணுக்கு அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பரீட்சையை வைத்து எந்தக் குழந்தையையும் முடித்துவிடக் கூடாது. என் கேள்வி, அதையே என் பெண்ணுக்கும் ஏன் சொல்லவில்லை?

என் பெண் அந்த வருஷக் கடைசியில் இந்தியில் அறுபத்தி ரெண்டு வாங்கினாள். பிரமாதம் இல்லை. ஆனால் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய் நான் கேட்டபோது, செக்‌ஷன் ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு என்றார்கள். யூட்டாவுக்குச் சொன்ன பதில். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது விளையாட்டுச் சண்டை மட்டும் இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். சொந்த ஊரில் நமக்குப் பெயர் இருந்தது. "இன்னார் வீட்டுப் பையன்" என்றால் ஒரு தப்பை மன்னிக்க நாலு பேர் இருந்தார்கள். வந்த இடத்தில் அந்தப் பெயர் செல்லாது. நம் கையில் இருப்பது ஸ்கோர்போர்டு ஒன்றுதான். அதையும் "நீ நல்லா ஜெயிக்கலை, நீ ஜெயிக்கிற மாதிரி தெரியலை" என்று எடுத்துக்கொண்டால் நமக்கு என்ன மிச்சம்? அதனால் தோற்ற பெரிய அணிக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுங்கள், தாராளமாக. ஆனால் ஜெயித்தவன் இடத்தைப் பிடுங்கிக் கொடுக்காதீர்கள்.

இதை மருமானிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "பாப்பா விஷயம் சரி மாமா. ஆனா 2014ல எங்க டீமை எடுத்தது சரிதான்" என்று அனுப்பினான். திருந்த மாட்டான்.

பி.கு: 2008ல் அலபாமாவை ஜெயித்த அந்த யூட்டா அணிக்கு நிருபர்களில் சிலர் முதலிடத்துக்கே ஓட்டுப் போட்டிருந்தார்கள். அவர்கள் யார் எவர் என்று தெரியாது. எங்கிருந்தாலும் நல்லாயிருக்கட்டும்.